ஒரே கல்லை நம்பிய நகரம்

மும்பையிலோ தில்லியிலோ ஜாம்ஷெட்பூரிலோ குடியேறி வாழும் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது, "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்ற வினா தவறாமல் எழுகிறது. "தங்கவயல்" என்று ஒருவர் விடை கூறினால், மற்றவர் சற்றுத் தயங்கி, "அது தமிழ்நாட்டில் எந்த மாவட்டம்?" என்று கேட்பதும் உண்டு. தங்கவயல் தமிழ்நாட்டில் இல்லை. கர்நாடக மாநிலத்துக் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் அருகில் அமைந்த தொழில் நகரம் அது. ஆயினும் நான்கைந்து தலைமுறைகளாக அங்கே தெருவிலும் சந்தையிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் மிகுதியாக ஒலிப்பது தமிழே. பிழைப்பு நாடிப் புறப்பட்ட தமிழர், சென்ற இடத்தில் ஒரு பெருந்தொழிலையே தம் கைகளால் எழுப்பினர். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு அவ்வரலாற்றை எடுத்துரைப்பது பொருத்தமென எண்ணுகிறோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் பங்காருப்பேட்டை என்னும் சந்திப்பு நிலையம் வருகிறது. அங்கிருந்து பிரியும் கிளைப் பாதை சில மைல் தூரம் சென்று மாரிக்குப்பத்தில் முடிந்துவிடுகிறது. அப்பாதையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கங்கள் வரிசையாக இருந்தன. பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்பன அவற்றின் பெயர்கள். நந்திதுர்க் என்றவுடன் நேயர்களில் பலருக்குச் சிக்கபள்ளாபூருக்கு அருகிலுள்ள நந்திமலை நினைவுக்கு வரும். திப்பு சுல்தானின் கோட்டை இருந்த அம்மலைக்கும் இச்சுரங்கத்துக்கும் இடையே பல மைல் தூரம் உண்டு. மைசூர் நாட்டை ஆங்கில ஆணையர்கள் ஆண்ட காலத்தில், கோலார், பெங்களூர், தும்கூர் மாவட்டங்கள் அடங்கிய பகுதிக்கு நந்திதுர்க்கக் கோட்டம் என்று பெயர். மலையின் பெயர் கோட்டத்துக்கு வந்தது. பின்னர் சுரங்கக் கம்பெனிக்கும் வந்தது. இன்று கம்பெனியும் இல்லை, சுரங்கமும் இயங்கவில்லை, பெயர் மட்டும் குடியிருப்புகளுக்கு நிலைத்துவிட்டது.

பெருந்தொழில் நகரங்கள் என்றால் பெரும்பாலோர் இரும்பையும் எஃகையும் நினைப்பர். ரஷ்ய நாட்டில், யூரல் மலைத்தொடரின் தென்பகுதியில், மக்னிட்டோகோர்ஸ்க் என்றொரு நகரம் உண்டு. காந்த இரும்பு நிறைந்த ஒரு மலையின் அடிவாரத்தில் 1929இல் கட்டடப் பணி தொடங்கிற்று. 1932இல் முதல் ஊதுலை எரியத் தொடங்கிற்று. மலையை வெட்டி உலையிலிட்டு நாட்டுக்கு எஃகு தந்த அந்நகரில், நாளடைவில் மலையின் இரும்பு குறைந்து போயிற்று. ஆனால் நகரம் அணையவில்லை. கஜகஸ்தானிலிருந்து கனிமக் கல்லை ரயிலில் ஏற்றி வந்து அதே உலைகளில் உருக்கினர். இரும்புக்கு இது இயலும். தங்கத்துக்கு இயலாது. 1 டன் கல்லில் சில கிராம் மட்டுமே பொன் இருக்கும் நிலையில், வேற்றூர்க் கல்லைச் சுமந்து வந்து அரைப்பது கட்டுபடியாகாது. பொன்சுரங்கத்தைச் சார்ந்து எழுந்த ஊர் தன் காலடியில் கிடக்கும் கல்லை மட்டுமே நம்பி நிற்கிறது. தங்கவயலின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் விளங்கிக்கொள்ள இந்த ஒன்றை மனத்திற் கொண்டாற் போதும்.

இப்பகுதியில் பொன் உண்டென்பது ஊர்மக்கள் முன்னரே அறிந்த செய்தி. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர், மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, 1802இல் உரிகம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களில் மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்போரைக் கண்டார். பொன் கலந்த மண்ணைக் கொணர்வோர்க்குப் பரிசு தருவதாக அவர் பறைசாற்றினார் என்றும், மாட்டு வண்டிகள் மண்ணுடன் வந்து நின்றன என்றும் சொல்வதுண்டு. பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப் போன குழிகளும் அங்கே இருந்தன. வாரன் எழுதிய குறிப்பு அச்சேறிய பின்னும் ஏறத்தாழ 70 ஆண்டுகள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நியூசிலாந்துப் போர்களில் பணியாற்றி ஓய்வு பெற்றுப் பெங்களூரில் தங்கியிருந்த லவேல் என்னும் ஐரிஷ்காரரின் கண்ணில் அக்குறிப்பு பட்டது. அவர் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து 1875இல் சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். பொருள் இன்றி அவர் முயற்சி தளர, உரிமை வேறு சிலர் கைக்கு மாறிற்று. லண்டனில் பங்கு விற்றுக் கம்பெனிகள் எழுந்தன. 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் வந்து சேர்ந்தனர்.

முதற்சில ஆண்டுகள் ஏமாற்றமே தந்தன. மைசூர்ச் சுரங்கக் கம்பெனியின் முதல் ஏறத்தாழ முழுவதும் கரைந்து, கதவடைக்கும் நிலை வந்தது. அப்போது பிளம்மர் என்னும் சுரங்க மேலாளர், பழங்காலக் குழிகள் சென்ற போக்கிலேயே தோண்டிச் சென்று, பிற்காலத்தில் சாம்பியன் ரீஃப் எனப் பெயர் பெற்ற பொன்வரியை அடைந்தார். கருமையான கடும்பாறையின் நடுவே வெண்பளிங்குக் கல் நாடாவைப் போல ஓடும் அந்த வரிதான் தங்கவயலின் உயிர்நாடி. பெயரறியாத பண்டைத் தொழிலாளர் விட்டுச் சென்ற தடம் இல்லாதிருந்தால், 1880களிலேயே இக்கதை முடிந்திருக்கக்கூடும். 1880களின் தொடக்கத்தில் எழுந்த கம்பெனிகளில் நந்திதுர்க்கும் ஒன்று. தொடங்கிய கம்பெனிகள் பலவும் மறைந்தொழிந்தபோதும் நந்திதுர்க் இறுதிவரை நின்றது.

கல் பொன்னாகும் முறை வருமாறு. தரையிலிருந்து செங்குத்தாக இறங்கும் குழியை ஊரார் ஷாப்ட் என்பர். அதில் இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டு ஏறி இறங்கும். ஷாப்டிலிருந்து ஆழத்துக்கு ஆழம் பக்கவாட்டில் வழி பிரித்து, பொன்வரியைத் தொட்டவுடன் துளையிட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்ப்பர். தகர்த்த கல் மேலே வந்து ஸ்டாம்ப் மில்லுக்குப் போகும். இரும்பு உலக்கைகள் வரிசை வரிசையாக எழுந்து விழுந்து கல்லை மாவாக்கும் ஆலை அது. நம் வீட்டு உரலும் உலக்கையும் நினைவுக்கு வந்தால் தவறில்லை; ஆனால் அதன் ஓசை இரவும் பகலும் ஓயாமல் மைல் கணக்கில் கேட்குமாம். கல்மாவை நீரில் கரைத்துப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டால், பொன்துகளைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். அதைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். பற்றாமல் தப்பிய நுண்துகளைச் சயனைடு கரைசலில் கரைத்துத் துத்தநாகத்தால் மீட்கும் முறை 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, விரைவில் இங்கும் வந்தது. பொன் போனபின் எஞ்சிய கல்மாவு ஆலைக்கு வெளியே கொட்டப்பட்டு மேடு மேடாக உயர்ந்தது. அம்மேடுகளைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

கூண்டை இழுக்கவும், உலக்கையை இயக்கவும், ஊற்றெடுக்கும் நீரை இறைக்கவும், ஆழத்துக்குக் காற்றைச் செலுத்தவும் பேராற்றல் வேண்டும். தொடக்கத்தில் விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவி இயந்திரங்களை ஓட்டினர். சுற்றிலுமிருந்த காடுகள் குறைந்தன. தொலைவிலிருந்து வரும் நிலக்கரியோ விலை மிக்கது. பங்காருப்பேட்டைக் கிளைப் பாதை 1894இல் திறக்கப்பட்டதும் சுமை ஓரளவு குறைந்தது. ஆயினும் முழுத் தீர்வு காவிரியிலிருந்து வந்தது. மைசூர்த் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், சிவசமுத்திர அருவியின் நீர்வீழ்ச்சியால் மின்சாரம் எடுத்துச் சுரங்கங்களுக்கு விற்கும் திட்டம் உருவாயிற்று. லோட்பினியர் என்னும் பொறியாளர் அதை வகுத்தார். 1901இல் காலமான சேஷாத்ரி ஐயர் அதன் நிறைவைக் காணவில்லை. 1902 ஜூன் இறுதியில், 92 மைல் தூரம் கம்பி வழியே வந்த மின்சாரம் தங்கவயலின் இயந்திரங்களைச் சுழற்றிற்று. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகரத்தை முந்திக்கொண்டு ஒரு சுரங்க ஊருக்கு மின்சாரம் வந்ததன் காரணம், அங்கே எரிந்த மின்சாரம் பொன்னாக மாறி அரசுக்கு உரிமைத் தொகை தந்ததே.

இதில் நம்மவர் பலர் கவனியாத தொடர்பொன்று உண்டு. கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் சிவசமுத்திரத்தில் சக்கரம் நிற்கும். சக்கரம் நின்றால் சுரங்கம் நிற்கும். ஆண்டு முழுவதும் நீர் சீராக வர வேண்டும் என்பது கண்ணம்பாடி அணை எழுந்ததற்கான காரணங்களுள் ஒன்று. அவ்வணையைக் குறித்து மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் எழுந்த வழக்கு 1924ஆம் ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. தஞ்சை உழவரின் வாய்க்காலும் தங்கவயல் தொழிலாளரின் கூண்டும் ஒரே ஆற்றை எதிர்பார்த்திருந்தன. குடிநீருக்குப் பாலாற்றில் அமைந்த பேத்தமங்கலம் ஏரி உதவிற்று.

இனி மனிதரைப் பார்ப்போம். சுற்றுவட்டார உழவர் பாதாளத்தில் இறங்கத் தயங்கினர். ஆகவே வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சொந்த நிலம் அற்றவர். பண்ணைகளில் தலைமுறைக் கடனுக்கு உழைத்தவர். பஞ்சமும் சாதிக் கொடுமையும் பின்னின்று தள்ள, ரொக்கக் கூலி முன்னின்று இழுத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள் மேலாளராகவும், ஆங்கிலோ இந்தியர் மேற்பார்வையாளராகவும் பங்களாக்களில் வாழ்ந்தனர். கேளிக்கை மன்றமும் கால்ப் மைதானமும் அவர்களுக்கு இருந்தன. தொழிலாளர்க்கோ மூங்கில் தட்டி வைத்த ஓரறைக் குடிசைகள். அவை வரிசை வரிசையாக இருந்தமையால் "லைன்" எனப்பட்டன. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்தச் சிறு விதி பின்னாளில் எத்துணைப் பெரிய துன்பமாக வளர்ந்தது என்பதை முடிவில் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொழிலாளர் தொகை 30,000ஐத் தாண்டிய காலங்கள் உண்டு.

கம்பெனிக்குக் கல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்குத் தொழிலாளரிடம் ஐயமும் முக்கியமாக இருந்தது. பொன் திருட்டைத் தடுக்கச் சோதனைகள், காவற்படை, தனிச் சட்டம் எல்லாம் இருந்தன. 1930இல் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய முனைந்தபோது, சங்கம் ஏதும் முறையாக அமையாத அந்நாளிலேயே, தொழிலாளர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். 1940இல் எண் பொறித்த உலோகக் காப்பைக் கையில் பூட்டும் விதி வந்தபோதும் அவ்வாறே கொதித்தெழுந்தனர். கூலியும் வீடும் பொறுத்துக்கொள்ளப்பட்ட இடத்தில், கைரேகையும் காப்பும் ஏன் பொறுக்கப்படவில்லை என்று வியப்போர் இருக்கலாம். பண்ணையடிமையை விட்டு வந்தவர்க்குக் கையில் ஏறும் காப்பு எதை நினைவூட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும். 1940களில் தொழிற்சங்கம் வலுப்பெற்றது. 1946 நவம்பர் 4ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர் நீத்தனர். அந்நாள் தங்கவயலில் நினைவுநாளாகப் போற்றப்படுகிறது.

இத்துணை உழைப்புக்கிடையிலும் இவ்வூர் எழுத்தையும் சிந்தனையையும் விட்டுவிடவில்லை. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் உறுதியான கிளை இருந்தது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ் பின்னர் "தமிழன்" எனப் பெயர் பெற்றது. அவர் மறைவுக்குப் பின், 1920களின் பிற்பகுதியில், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அவ்விதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத்தில் எட்டுமணி நேரம் துளையிட்டுவிட்டு மேலே வந்து, விளக்கொளியில் இதழ் படித்தும் படிக்கக் கேட்டும் வாதாடிய தலைமுறையை எண்ணும்போது, வசதிமிக்க காலத்தில் வாழும் நமக்குச் சிறிது நாணமே உண்டாகிறது.

ஆழம் கூடக் கூடத் தொழில் கடுமையாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அந்நாளில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் எண்ணப்பட்டது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். குளிர்விக்கும் இயந்திரங்களை வைத்துக் காற்றைத் தணித்து அனுப்பினர். வெப்பத்தினும் அஞ்சத்தக்கது பாறை வெடிப்பு. மேலே அழுத்தும் மலைபோன்ற பாரத்தைத் தாங்கி நிற்கும் பாறையிலிருந்து பொன்வரியை வெட்டியெடுத்துவிட்டால், எஞ்சிய பாறை அப்பாரத்தைச் சுமக்கிறது. இங்குள்ள பாறை மிகக் கடினமானது, நெகிழ்ந்து கொடுக்காது, தாங்கும் எல்லை கடந்ததும் கண்ணாடி போல் சிதறிவிடும். வெடிப்பு நேர்ந்தால் மேலே லைன் வீடுகளின் சுவரும் அதிரும், பாத்திரங்கள் உருளும். வீட்டிலுள்ள பெண்கள் உடனே ஷாப்ட் வாயிலுக்கு ஓடி, கூண்டில் யார் ஏறி வருகிறார்கள் என்று காத்து நிற்பார்கள். வெட்டிய இடத்தைக் கருங்கல் கட்டுமானத்தால் நிரப்பித் தாங்க வைப்பது இங்கே கையாண்ட முறை. 1912ஆம் ஆண்டிலேயே நில அதிர்ச்சி பதிவு செய்யும் கருவி வைக்கப்பட்டது. பாறை இயலுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் 1988இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதன் காரணமும் இதுவே.

சத்தமின்றிக் கொன்றது தூசி. துளையிடும்போது எழும் கல்தூசி நுரையீரலில் படிந்து அதை இறுக்கிவிடும் நோய் சிலிக்கோசிஸ் எனப்படுகிறது. 1940களில் நடந்த மருத்துவச் சோதனையில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோரிடம் இந்நோயின் அறிகுறி காணப்பட்டது. நீரைப் பீய்ச்சிக்கொண்டே துளையிடும் முறை பரவியபின் தூசி குறைந்தது. முன்னரே மூச்சிழந்தவர்க்கு அது பயன்படவில்லை.

அதே ஆழம் அறிவியலுக்கு எதிர்பாராத கொடையொன்றை அளித்தது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களைப் பாறை வடிகட்டிவிடுவதால், ஆழ்சுரங்கத்தில் எதையும் எளிதில் ஊடுருவும் நியூட்ரினோவின் தடத்தைத் தேடலாம். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் அறிஞர்களும் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் செயலை 1965இல் அவர்கள் பதிவு செய்தனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கப் பொன்சுரங்கம் ஒன்றிலும் மற்றொரு குழுவினர் இதைக் கண்டனர். பின்னர் 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனையும் தங்கவயலில் நடந்தது. பாடநூல்களில் அறிஞர் பெயர்கள் வருகின்றன. கருவிகள் இறங்கியதும் ஏறியதும் சுரங்கத் தொழிலாளரின் கூண்டில்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. இதற்குள் மற்ற சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ போக, மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் ஆகிய மூன்றே எஞ்சின. கணக்கைச் சிறிது கவனித்தால் பின்வந்தது விளங்கும். மேலே செழிப்பான கல்லை ஆங்கிலக் கம்பெனி எடுத்துப் பங்காதாயம் வழங்கிவிட்டது. எஞ்சியது ஆழத்தில், செறிவு குறைந்த கல். வெட்டும் செலவு ஆழத்தோடு ஏறியது. எடுத்த பொன்னையோ நாட்டின் சந்தையில் விற்க இயலாது. பன்னாட்டு விலையில் அரசுக்கே தர வேண்டும். 1960களில் உள்நாட்டுச் சந்தை விலை அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே ஏட்டில் நட்டம் காட்டிய ஆண்டுகள் எல்லாம் உண்மையில் நட்டமா என்ற வாதம் அந்நாள் தொட்டே உண்டு. அவ்வாதம் நியாயமானதென்றே நாம் கருதுகிறோம்.

1990களில் நிறுவனம் நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் சென்றது. அரசு ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் உள்ள நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய நிறுவனத்தை "நோயுற்றது" என்பர். நாம் "நலிவுற்ற நிறுவனம்" என்று எழுதிப் பழகிவிட்டோம். நுரையீரல் இறுகிய மனிதர்கள் வாழ்ந்த ஊரில், நோயுற்றதாகச் சட்டம் ஒப்புக்கொண்டது நிறுவனத்தை மட்டுமே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் வெளிவந்த பொன் 800 டன்னுக்கும் மேற்பட்டது. மூடிய ஆண்டில் உலகச் சந்தையில் பொன்னின் விலை, இருபது ஆண்டுகளில் காணாத தாழ்நிலையில், அவுன்ஸுக்கு 300 டாலருக்கும் கீழே இருந்தது. 2024இல் அது 2,000 டாலரைத் தாண்டி நின்றது.

தங்கவயலில் எல்லாத் தொழிலும் அன்று நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். 1964இல் நிறுவப்பட்ட பெமல் என்னும் பொதுத்துறை நிறுவனம், மண்வாரும் பேரியந்திரங்களை ஆக்கும் ஆலையைத் தங்கவயலில் அமைத்தது. புல்டோசர்களும் அகழ்பொறிகளும் அங்கே உருவாகின்றன. இன்று ஒரிசாவிலோ ஜார்க்கண்டிலோ நிலக்கரிச் சுரங்கத்தில் பணிபுரியும் நேயர், தம் கண்முன் ஓடும் இயந்திரத்தின் தகட்டில் அந்நிறுவனப் பெயரைக் கண்டிருப்பார். உலோக வேலையிலும் இயந்திர வேலையிலும் தலைமுறையாகப் பழகிய கைகள் இருந்த ஊரில் அவ்வாலை எழுந்தது பொருத்தமே. ஷாப்ட் தோண்டும் கலையில் தங்கவயலார்க்கு இருந்த தேர்ச்சி பிற மாநிலச் சுரங்கங்களுக்கும் பயன்பட்டது. பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனமே அப்பணிகளை ஏற்றுச் செய்தது. ஆயினும் பத்தாயிரக்கணக்கானோரைத் தாங்கிய சுரங்கத்தின் இடத்தை ஓர் ஆலை நிரப்பிவிட இயலாது.

இன்று விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என நிலையத்துக்கு நிலையம் கூட்டம் பெருகுகிறது. கட்டட வேலை, காவல் வேலை, துணிக் கடை, மென்பொருள் அலுவலகம் என வேலை பலவகை. இரவு திரும்பி வந்து படுப்பது தாத்தா காலத்து லைன் வீட்டில். அவ்வீடு எவருடையது என்பதே பலருக்குப் பெருங்கவலை. நிலம் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை 2001இல் முடிந்தது. மண்சுவரைத் தம் செலவில் செங்கல்லாக்கி, ஓடு மாற்றி, அறை கூட்டி வாழ்ந்தவர்கள், உரிமைப் பத்திரம் வேண்டுமென்று நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர்.

மற்றொரு கவலை அந்த மேடுகள். ஆலைகள் கொட்டிய கல்மாவு 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து, 13 பெரும் மேடுகளாக நிற்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்பர். புல்லும் எளிதில் முளையாத அச்சாம்பல் நிறக் குன்றுகளில் திரைப்படக் காட்சிகளை எடுப்போர் உண்டு. கோடைக் காற்று எழும்போது அத்தூசி லைன்களுக்குள் நுழைந்து உணவின் மேலும் உறங்கும் குழந்தையின் மேலும் படிகிறது. சுரங்கத்தில் இறங்காத தலைமுறையும் சுரங்கத் தூசியைச் சுவாசிக்கிறது.

ஆழ்சுரங்கங்களை மீண்டும் திறக்கலாகாதா என்று கேட்போர் உண்டு. சுரங்கம் இயங்கிய நாளெல்லாம் நீரை இறைத்துக்கொண்டே இருந்தனர். இயந்திரங்கள் நின்றபின் ஊற்று நீர் ஏறி, ஆழ்மட்டங்கள் மூழ்கிவிட்டன. நீரை வெளியேற்றி, ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்ட தாங்கு சுவர்களைச் செப்பனிட்டு, மனிதரை அங்கே மீண்டும் இறக்குவது பெருஞ்செலவும் பேரிடரும் நிறைந்தது. ஆகவே பேச்சு மேடுகளின் பக்கம் திரும்பியுள்ளது. அந்நாளைய முறைகளுக்குச் சிக்காமல் தப்பிய பொன் அக்கல்மாவில் டன்னுக்கு 1 கிராமுக்கும் குறைவாக உண்டு. வெட்டும் செலவும் அரைக்கும் செலவும் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அதுவும் ஆதாயமாகலாம். 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளையும் மீண்டும் பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது.

இச்செய்தி வந்தபோது லைன்களில் எழுந்த கேள்விகள் பொன்னின் அளவைப் பற்றியவை அல்ல. மேட்டைக் கலைக்கும்போது எழும் தூசிக்கு என்ன தடுப்பு? வேலை எத்தனை பேருக்கு, அது தங்கவயல் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? மேடு இருந்த நிலம் வெறுமையானபின் அது யாருக்கு? வீட்டுப் பத்திரம் எப்போது? விடிகாலை ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள் பங்காருப்பேட்டை வரும்வரை பேசிக்கொண்டு வருவது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான்.